லானியின் விக்கல்

லானி ப்ரூயிட்டின் தலையைப் பார்த்தாலே ஆர்வில் டீகுக்கு வயிறு எரியும். எண்ணெய் வழிய வாரி, நெற்றியில் ஒரு சுருளைப் புரளவிட்டு, மேலே இளஞ்சிவப்புச் சட்டை வேறு! போன கோடை வரைக்கும் ஆர்கன்சா சாராயக்கடைகளில் மைக்குக்கு முன்னால் நின்று பாடியவன் ஆர்வில்தான். இந்தப் பயல் வந்தான். குழுவில் மற்றவர்கள் ஆர்விலைப் பின்னால் தள்ளி, ஆளுயர பாஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்துவிட்டார்கள். பெண்களின் கூச்சலெல்லாம் லானிக்கு, விரல் கொப்புளமெல்லாம் ஆர்விலுக்கு.

இன்று மெம்பிஸ் நகரில் இசைத்தட்டுக்கான பாட்டுப் பதிவு. ஸ்டுடியோ முதலாளி ஹஸ்கியூ வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"பையன் தேறலேன்னா மத்தியானம் நீ பாடு ஆர்வில். யார் குரல் எடுபடுதோ அவன் பேர்லதான் ரெக்கார்டு."

அது போதாதா? டிரம் இல்லாத குழு. தாளம் முழுக்க ஆர்விலின் கையில். பதிவு ஓடத் தொடங்கியதும் பாஸின் கம்பிகளை இழுத்து இழுத்து அறைந்தான், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். கிதார்காரன் திரும்பி முறைத்தான். லானிக்கு மூச்சுவிட நேரமில்லை. சொல்லுக்கு நடுவிலேயே மூச்சு முட்டி, விக்கி விக்கிப் பாடினான். முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. ஒழிந்தான் பயல் என்று ஆர்வில் உள்ளுக்குள் குதித்தான்.

"மன்னிச்சிருங்க சார், சொதப்பிட்டேன்" என்றான் லானி, பாட்டு முடிந்ததும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஹஸ்கியூ ஓடிவந்தார். "சொதப்பலா? அடேய், அந்த விக்கலுக்கே பொண்ணுங்க ரேடியோவைக் கட்டிப் பிடிச்சுக்குவாளுங்கடா! இதுதான் ரெக்கார்டு!"

ஆர்வில் பாஸைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தான். "அப்ப மத்தியானம் என் பாட்டு?"

"உனக்கென்ன கிறுக்கா? நீ பாடப் போயிட்டா இந்த அடியை எவன்யா அடிப்பான்? இனி ஊர் ஊரா இதே வேகம் வேணும். அந்த பாஸை விட்டு நீ நகரவே கூடாது."

லானி வந்து ஆர்விலைக் கட்டிக்கொண்டான். பையனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எனக்காகத்தானேண்ணே அப்படி வெளுத்து வாங்குனீங்க? சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

எண்ணெய்த் தலை ஆர்விலின் கன்னத்தில் பிசுபிசுத்தது. அந்த நிமிடம் அவனை வெறுத்ததுபோல ஆர்வில் தன் வாழ்நாளில் யாரையும் வெறுத்ததில்லை.

"ஆமாண்டா தம்பி, உனக்காகத்தான்" என்றான்.