ஐந்தாம் மாடியில் முப்பத்து நாலு டிகிரி

எண்பத்து நாலில் ஆம்பூரில் ஐந்து மாடி எழுந்து நின்றது எங்கள் ஷூ கம்பெனி ஒன்றுதான். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் தூரத்திலேயே அதைக் கைகாட்டிப் பெருமைப்படுவார்கள். பெருமையைத் தூக்கி உடைப்பில் போட! ஐந்தாம் மாடியில் பசை தடவித் தோல் தைக்கிற நாற்பது பெண்களைக் கேட்டால் தெரியும் அதன் லட்சணம். தலைக்கு மேல் வெறும் காங்கிரீட், மேற்கில் ஜன்னலே இல்லாத சுவர், போதாததற்குப் பசையின் நெடி. கத்திரி வெயிலில் ஜஹீதா ஒரே வாரத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். இன்னொரு தடவை விழுந்தால் பிள்ளைக்கு ஆகாது, வேலையை விட்டுவிடு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்த மாடியின் சூப்பர்வைசர் நான். மேனேஜர் கலீமுல்லாவிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"மெட்ராஸ்லேந்து இன்ஜினியர் வரட்டும் சுந்தரி. மாடி மாடியா அளக்கட்டும். உங்க மாடி முப்பத்தெட்டுக்கு மேல காட்டுச்சுன்னா சுவர்ல ஜன்னல் வெச்சு, மேல சுண்ணாம்புத் தளமும் போட்டுத் தர்றேன். கம்மியா காட்டுச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

வியாழக்கிழமை காலையிலிருந்து நான் கீழே வாசலிலேயே காத்திருந்தேன்; பகல் பன்னிரண்டு மணிக்கு இன்ஜினியர் வேதாசலம் வந்தார். கலீமுல்லாவும் சேர்ந்துகொள்ள, கீழிருந்து அளந்துகொண்டே ஏறினோம். நாலாம் மாடியில் முப்பத்தாறு. என் மனசு துள்ளியது. ஐந்தாம் மாடிக் கதவைத் தள்ளினேன். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது.

கிழக்கு ஜன்னல்களில் ஈரச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. பசை டின்களுக்கெல்லாம் மூடி. எங்கள் மாடிப் பெண்களில் மூத்தவளான கங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க சார். காலைலேந்து மொட்டை மாடில நூறு பக்கெட் தண்ணி ஊத்தி வெச்சிருக்கோம். ஊர்லேந்து வர்ற மனுஷனை வேக வெச்சா அனுப்புவாங்க?"

தெர்மாமீட்டர் முப்பத்து நாலு காட்டியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கங்கம்மாளை அங்கேயே அறைந்திருப்பேன். "இன்னா வேலைக்கா பண்ணி வெச்சிருக்கே! இவரு இன்னா சம்பந்தியா? நம்ம வேக்காட்டைப் பாக்க வந்த மனுஷன்!"

அவள் முகம் செத்துப்போயிற்று. கலீமுல்லா கடிகாரத்தைப் பார்த்தார். "முடிஞ்சுது. எழுதிக்குங்க சார்."

வேதாசலம் எழுதினார். ஆனால் பேனாவை மூடவில்லை. "சாக்கை எடுங்கம்மா. டின்னைத் திறந்து எப்பவும்போல வேலை பாருங்க. நான் உக்காந்திருக்கேன்" என்றார்.

ஜஹீதாவைக் கீழே போகச் சொன்னேன். "மெஷின் ஒண்ணு நின்னாலும் கணக்கு தப்புன்னுவாங்கக்கா" என்று அவள் அசையவில்லை. ஒன்றரைக்கு முப்பத்தாறு. இரண்டரைக்கு முப்பத்தெட்டு. அதோடு நின்றுவிட்டது பாழாய்ப்போன பாதரசம். ஜஹீதாவின் உதடு வெளுத்தது. நான் தெர்மாமீட்டரைப் பார்ப்பேனா, அவளைப் பார்ப்பேனா? ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டே, ஏறினால் இவள் விழுந்துவிடுவாளே என்று பதறினேன். அப்படி ஒரு கேவலமான வேண்டுதலை நான் எந்தச் சாமியிடமும் வைத்ததில்லை.

மூன்றேகாலுக்கு நாற்பது.

"தண்ணியும் சாக்கும் ஆறு டிகிரி குறைச்சிருக்கு. தளமும் ஜன்னலும் வந்தா தண்ணியே வேணாம்" என்றார் வேதாசலம்.

கலீமுல்லா பின்பாதியைக் காதில் வாங்கவே இல்லை. "ஆறு டிகிரியா? அப்ப சுவரை எதுக்கு உடைக்கணும்? இவங்களே தினம் ஊத்தட்டும்."

கங்கம்மாள்தான் முன்னால் வந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"ஊத்தறோம் சார். இன்னிக்கு விருந்தாளிக்காக நேரத்தோட வந்து, காலைச் சோறு தின்ற நேரத்தையும் விட்டு ஊத்தினோம். தினம்னா அது கம்பெனி வேலை. மெஷினை நிறுத்திட்டுத்தான் ஊத்துவோம். நூறு பக்கெட்டுக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். இப்பவே ஆரம்பிக்கிறோம்."

முதலில் ஜஹீதாவின் மெஷின் நின்றது. பிறகு பக்கத்து மெஷின். வரிசையாக நாற்பதும் நின்றன. கங்கம்மாள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள்.

கலீமுல்லா காலி நாற்காலிகளைப் பார்த்தார். கப்பலேற வேண்டிய சரக்கு மேஜை மேஜையாய்க் கிடந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேதாசலத்திடம் கேட்டார்: "ஜன்னல் எத்தனை வேணும்?"