மாமனார் விழுந்து முடிய மூன்று நாள்

மாமனார் குளியலறையில் வழுக்கியது செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் மணிக்கு; தரையைத் தொட்டது வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு. அந்த வீட்டில் விழுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. கட்டிய கொத்தனாரைக் கேட்டால், கலவையில் தான் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பார். தட்டு விழுந்தால் மற்ற வீடுகளைப் போலவே உடனே உடையும், செம்பு விழுந்தால் உடனே நசுங்கும். மனிதர்கள் மட்டும் கால் இடறிய இடத்திலிருந்து மணிக்கு ஒரு விரற்கடை வீதம் இறங்குவார்கள். குழந்தைகள் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அவர்களுக்கு எதிலும் பொறுமை கிடையாது. நடுவில் பிடித்து இழுத்தால் வரமாட்டார்கள், தள்ளினால் நகரமாட்டார்கள். நேரம்தான் நீளுமே தவிர அடி குறையாது. மூன்று வருடத்துக்கு முன் மாமியார் சமையலறையில் சிந்திய தண்ணீரில் கால் வைத்து இரண்டு நாள் விழுந்தார். தெருவே திரண்டு வந்து அவருக்குக் கீழே ஏழு மெத்தை போட்டது. இரண்டு நாள் சேர்த்துவைத்த வேகமெல்லாம் கடைசி நொடியில் ஒன்றாக வந்து ஏழு மெத்தையையும் தாண்டி இடுப்பெலும்பை உடைத்தது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

மாமனாரை முதலில் பார்த்தது மருமகள். ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற பட்டறையில் அவள் வெல்டர். தெருவில் எல்லோருக்கும் வெல்டரம்மா. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் என்ன பண்ணுகிறார் என்று கதவைத் தட்டினாள். பதில் ஒரு மாதிரியாக வந்ததும் தள்ளித் திறந்தாள். இடுப்பில் துண்டோடு, இரண்டு குதிகாலும் மேலே தூக்கியிருக்க, நாற்காலியில்லாமல் சாய்ந்து உட்கார்ந்தவர் மாதிரி அவர் காற்றில் இருந்தார்.

"மாமா, விழுந்துட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. விழுந்துக்கிட்டு இருக்கேன்."

அவர் முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்த சர்வேயர். அந்த வீட்டையும் ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர். தரைக்கு வெள்ளை டைல்ஸ் தேடி ஆறு ஊர் அலைந்தார். குனிந்தால் முகம் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை, தெரிந்தது. மாமியார் போன பிறகு மருமகள் இரண்டு தடவை பட்டறையிலிருந்து கைப்பிடிக் குழாய் செய்து கொண்டுவந்தாள். இரண்டு தடவையும் அவர், "என் வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிடாதம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. லாரி ஓட்டுகிற கணவன் மாதத்தில் பாதி நாள் வெளியூரில். வீட்டில் சண்டை போட்டுவிட்டு அவரோடு தனியாக இருப்பது எப்படி என்று விட்டுவிட்டாள். அந்தக் குழாய்கள் கட்டிலுக்கடியில் துருப்பிடித்தன. இதை நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

செய்தி பரவியதும் வீட்டில் கூட்டம் கூடியது. எதிர் வீட்டுக்காரர் இரண்டு மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். டாக்டர் வந்து, காற்றில் இருந்தபடியே ரத்த அழுத்தம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்து, "விழுந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் பேப்பர் கேட்டார். பக்கத்தை அவள்தான் புரட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது, வலது கை சுவர்ப் பக்கம் நீண்டு அப்படியே நின்றுவிட்டது. குழல் வைத்துத் தேநீர் கொடுத்தாள். மூன்றாவது பக்கத்தைப் புரட்டும்போதுதான் அந்த வலது கையைச் சரியாகப் பார்த்தாள். ஐந்து விரலும் எதையோ பற்றுவதற்காக வளைந்திருந்தன. அங்கே பற்றுவதற்கு ஒன்றும் இல்லை. வழவழப்பான டைல்ஸ்தான் இருந்தது.

"மாமா, உங்க கை எதைத் தேடுது?"

"ஒண்ணையும் தேடல" என்றார் அவர் வெடுக்கென்று. அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார். அப்புறம், படிக்காமலே, "அவளும் இப்படித்தான் கையை நீட்டிக்கிட்டு இருந்தா. ரெண்டு நாளும். நாங்க எல்லாரும் தரையையே பார்த்துக்கிட்டு இருந்தோம்மா" என்றார்.

அவள் எழுந்து மெத்தைகளைச் சுருட்டி எதிர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். தெரு அவளை வாய்க்கு வந்தபடி ஏசியது. மாமனார் இடுப்பு ஒடிய வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். கை சுற்றிப் பிடிக்கத் தோதான ஒன்றேகால் அங்குலக் குழாயாகப் பொறுக்கி எடுத்து, வழுக்காமல் இருக்க மேலே கோடு கோடாகச் சொரசொரப்பு ஏற்றி, இரண்டு முனையிலும் தகடு வைத்துப் பற்றவைத்தாள். புதன்கிழமை காலை சுவரில் துளை போட்டு, திருகாணி முடுக்கி, மாட்டினாள். மாட்டியதும் தானே அதைப் பிடித்துத் தொங்கினாள். திருகாணி, டைல்ஸ், குழாய், அவள், நாலும் ஒன்றாகப் பெயர்ந்து வந்தன. மூன்றும் உடனே விழ, அவள் மட்டும் தரைக்கு நாலு விரற்கடை மேலே பிற்பகல் வரை உட்கார்ந்திருந்தாள். நேரம் போனது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து பெயர்ந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே பொந்துக் கல் வைத்த சுவர், திருகாணி பிடிக்காது என்றார். அந்தக் கல்லை வைத்தது அவரேதான்.

"பிடிக்கலன்னா விடுங்க. இந்தப் பக்கம் பிடிக்க வேணாம். சுவரைத் துளைச்சு அந்தப் பக்கம் போயிடுவோம்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை முழுக்க அதுதான் வேலை. சுவரை வெளிவரைக்கும் துளைத்து, மரை போட்ட நீளக் கம்பிகளை நுழைத்து, வெளிச்சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரும்புப் பலகை வைத்து முடுக்க வேண்டும். ஆனால் குழாய் எங்கே வர வேண்டும் என்பது கேள்வியாக இருந்தது, கையோ மணிக்கு மணி இறங்கிக்கொண்டிருந்தது. இதற்கு மாமனாரே உட்கார்ந்தார், அதாவது காற்றில் இருந்தபடி. தன் தோளிலிருந்து ஒரு நூல் கட்டித் தொங்கவிடச் சொன்னார். கையின் நிழலைச் சுவரில் சாக்பீஸால் மணிக்கு ஒரு தடவை குறிக்கச் சொன்னார். பதினொரு குறி சேர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். "தரையிலேர்ந்து ரெண்டடி ஏழு அங்குலம். படுக்கை வசமா வேண்டாம், கொஞ்சம் சாய்ச்சு வை" என்றார். முப்பத்து நான்கு வருடத்தில் தன் அளவுக்கு யாரும் ஒரு தடவைகூட மறு அளவை கேட்டதில்லை என்றும் சொன்னார். அவள் மறுபடி அளந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசி மரை முடுக்கியானது. அவள் தொங்கிப் பார்த்தாள். கொத்தனாரைத் தொங்கச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். மாமனார் கை குழாய்க்கு வருவது ஒன்று ஐம்பதுக்கு என்று எதிர்பார்த்தார்கள், ஒன்று இருபதுக்கே ஆரம்பித்தது. நடுவிரல் முதலில் குழாயைத் தொட்டது. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக வந்து வளைந்தன. மாமனார் பற்றினார். அந்தக் கணம் மூன்று நாளின் எடையும் அவர் தோளில் வந்து இறங்கியது. சுவர் முனகியது, வெளியே இரும்புப் பலகை ஒரு நூலளவு உள்வாங்கியது. குழாய் அசையவில்லை. அவர் அப்படியே ஒரு பக்கமாகச் சுழன்று, குதிகால் ஊன்றி, தரையில் உட்கார்ந்தார். இடது பிட்டத்தில் ஒரு தாலுகா வரைபடம் அளவுக்குக் கன்றிப்போயிற்று. மூன்று வாரம் ஒருக்களித்தே உட்கார்ந்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை. மருமகள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அவர் குழாயை விடாமலே இருந்தார்.

இரண்டு நாள் அவர் ஒவ்வோர் அறையாகப் போய்த் தரையைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலை, தான் ஆறு ஊர் அலைந்து வாங்கிய டைல்ஸ்மேல் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு, "இங்கேர்ந்து பெயர்த்து எடுக்கச் சொல்லும்மா" என்றார். அப்போதுதான் அவள் தன் மனதில் இருந்ததைச் சொன்னாள்: இனி யாராவது விழுந்து காட்டிய பிறகு அந்த இடத்தைச் சரிசெய்வது என்பது இந்த வீட்டில் கிடையாது. முதலில் அவள் முழங்காலில் தவழ்ந்து வீடு முழுக்கச் சுற்றினாள். மகளின் கண் உயரத்திலிருந்து பார்த்தபோது வீடு வேறாக இருந்தது. மேசை முனை நெற்றிக்கு நேரே நின்றது, இஸ்திரிப் பெட்டியின் ஒயர் வா வா என்று தொங்கியது, மாத்திரை டப்பா கைக்கு எட்டியது, மாடிப்படிக் கம்பிகளுக்கு நடுவே தலை தாராளமாகப் போகும். எல்லாவற்றையும் மாற்றினாள், படிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் குட்டிக் கேட் போட்டாள். பிறகு மாமனார் தடியூன்றி நடந்து, எங்கெங்கே கை தானாகச் சுவரைத் தேடுகிறதோ அங்கெல்லாம் நின்று சொன்னார், அவள் குறித்துக்கொண்டாள். மூன்றாவதாக, ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிவந்து அதில் தானே உட்கார்ந்து உருட்டினாள். முதல் கதவிலேயே விரல் நசுங்கியது. வெளியூரிலிருந்து வந்த லாரிக்காரன் எந்த அறைக்கும் நிலைப்படி இல்லாததைப் பார்த்து, வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்டான். "அளவு சரி பண்றோம்" என்றார் அவன் அப்பா.

நாற்காலியில் உருட்டிப் பார்த்தது வெல்டரம்மாவின் தங்கைக்காக; அவள் நடமாடுவது சக்கர நாற்காலியில். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள் அவள். அவள் குரலைக் கேட்காதவர் அந்த ஊரில் இல்லை, ஆனால் அக்கா வீட்டில் அந்தக் குரல் கேட்டு ஒன்பது வருடமாயிற்று. புதுமனை புகுவிழாவுக்கு வந்தபோது வாசலில் நாலு படி. நாலு ஆண்கள் நாற்காலியோடு தூக்கினார்கள், குளியலறைக்கும் தூக்கிக்கொண்டு போய் வெளியே நின்றார்கள். சரக்கு வண்டியில் வந்த மூட்டையைக்கூட இதைவிட மரியாதையாக இறக்குவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி வீதம் சாய்தளம் நீள வேண்டும், வாசலில் இருந்த இடமோ எட்டடி. சர்வேயர் மூன்று நாள் யோசித்து, அதை மடக்கி வளைத்து, தன் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தையும் அதற்கே கொடுத்தார். முடிந்த அன்று அக்கா போன் செய்தாள்.

"எத்தனை பேர் தூக்குவாங்க?" என்றாள் தங்கை.

"யாரும் தூக்கமாட்டாங்க. நீயே வருவ."

"பாத்ரூம்?"

"கதவு மூணடி. வெளிப்பக்கமாத் திறக்கும். உள்தாழ்ப்பாள் உன் கை உயரத்துல."

அந்தப் பக்கம் ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. பிறகு தங்கை, ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவுதான் என்றாள்.

வந்தாள். சாய்தளத்தின் வளைவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். லாரிக்காரன் பழக்கதோஷத்தில் ஓரடி முன்னால் வைக்க, சர்வேயர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கூடத்தைக் கடந்து நேரே குளியலறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே நாலு பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். வெல்டரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, நின்றது. கதவு திறந்தது. "சோப்பு எட்டல. டப்பா ஒரு சாண் கீழ வரணும்" என்றாள் தங்கை. சர்வேயர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு அவள் வராத ஞாயிற்றுக்கிழமை குறைவு. வெல்டரம்மாவைத் தெருக்காரர்கள் தங்கள் வீடுகளுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள், முதலில் கூப்பிட்டது எதிர் வீட்டுக்காரர். அந்த வீடுகளில் விழுவதென்பது கண் மூடித் திறக்கும் நேரம்தான், கை எதைத் தேடியது என்று பார்க்க அவகாசம் கிடையாது. ஆகவே அவள் முன்கூட்டியே பெரியவர்களை நடக்கச் சொல்லிக் கூர்ந்து பார்ப்பாள். அவளுடைய மாமனார் சாக்பீஸோடு பின்னால் வருவார். இரண்டு வருடத்தில் முப்பத்தொரு வீட்டுச் சுவர்களில் குழாய் ஏறியது. அவள் வீட்டின் குணம் மட்டும் மாறவில்லை. சொரசொரப்பான தரை, மழுங்கிய முனைகள், எல்லாம் இருந்தும் நாலு வயதுப் பெண் கூடத்தில் ஓடினால் தன் காலில் தானே தடுக்கிக்கொள்ளத்தான் செய்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அப்படித் தடுக்கி, கையில் பிஸ்கட்டோடு, முகம் முன்னாக, கூடத்தின் நடுவில் காற்றில் நின்றாள். சித்தி தன் நாற்காலியை உருட்டிவந்து, அந்தச் சின்ன இடது கை எங்கே வரும் என்று ஒரு கண் பார்த்து, தன் விரலை அந்த இடத்தில் நீட்டிச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டாள். "குழந்தை இன்னும் இரண்டு மணி நேரத்தில் வந்து சேரும்" என்று ரயில் நிலையக் குரலில் சொன்னாள். குழந்தை சிரித்தது. சர்வேயர் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், வெல்டரம்மா சாயங்காலத்துக்கு மாவு பிசையப் போனாள். நாலு பத்துக்குக் குழந்தை விரலைப் பிடித்து இறங்கியது. இன்னொரு பிஸ்கட் கேட்டது.