உப்புப் புண்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குழந்தைசாமிக்கு அது நெஞ்சோடு நிற்கவில்லை, உட்கார்ந்த நாற்காலியே குறுகுறுத்தது. திண்டிவனத்தில் வக்கீல் வைஜெயந்தியின் ஆபீசுக்கு வந்த அரை மணி நேரத்தில் மூன்று முறை தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டான்.

"ஒரு எடத்துல குந்துய்யா," என்றாள் அவன் மனைவி லூர்துமேரி.

அவளுடைய ஊன்றுகோல் மேசையில் சாய்ந்திருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மரக்காணம் அளத்தில் இருபது வருஷம் உப்பு வாரிய கால் அது. பாதத்தில் வந்த புண்ணுக்கு எட்டு மாதம் களிம்பு எழுதிக் கொடுத்தார் ஒரு கிளினிக் டாக்டர். புண் ஆறினால்தானே! கடைசியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புற்றுநோய், காலை எடுத்தால்தான் உயிர் என்று சொல்லிவிட்டார்கள்.

"நுகர்வோர் கோர்ட்டுல ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்," என்றாள் வைஜெயந்தி. "கேன்சர்னு தெரிஞ்ச நாள்ல இருந்து பார்த்தா இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. மெடிக்கல் கவுன்சில்லயும் புகார் குடுக்கலாம். அங்க டாக்டர் மேல நடவடிக்கை எடுப்பாங்க, நஷ்டஈடு கிடைக்காது. ஏன் இவ்ளோ லேட்டு?"

"நானும் தெனம் சொன்னேன் மேடம். இவருதான் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்துட்டாரு."

குழந்தைசாமி நான்காவது முறை தண்ணீர் குடிக்க எழுந்தான்.

வைஜெயந்தி கிளினிக் சீட்டுகளைப் புரட்டினாள். "பாதத்தைப் பரிசோதித்தேன், உப்பால் வந்த புண்ணுன்னு எல்லாத்துலயும் எழுதியிருக்காரே."

"பரிசோதிச்சாராமா?" மேரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சுத்தியிருந்த துணியக்கூட அவுக்கல மேடம்!"

"அதுக்கு சாட்சி?"

"ரூமுல டாக்டரையும் எங்க ரெண்டு பேரையும் விட்டா யாரு இருந்தா?"

"அப்போ நீங்கதான் சாட்சி," என்று வைஜெயந்தி அவன் பக்கம் திரும்பினாள். "முதல் நாள் உள்ள போனதுல இருந்து ஒண்ணு விடாம சொல்லுங்க. கோர்ட்டுல எதிர் வக்கீல் சொல்லி நான் தெரிஞ்சிக்கக் கூடாது."

இதற்குத்தானே இரண்டு வருஷம் பயந்து செத்தான்!

"என்ன புண்ணுன்னு டாக்டர் கேட்டாரு," என்றான். "இவ வாயத் தொறக்கறதுக்குள்ள, உப்புப் புண்ணுதான் சார், எங்க அளத்துல எல்லாருக்கும் வர்றதுதான்னு நான் சொல்லிட்டேன்."

அளத்தில் அப்படித்தான். முள் குத்தினாலும் கொப்புளம் உடைந்தாலும் காலில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர், உப்புப் புண். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே இவன் வாயால் மேரியின் கால் போயிற்று. அப்படித்தான் அவன் நம்பினான். மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் விம்மினான்.

"எனக்குக் கால்தான்யா இல்ல, காது இருக்குது," என்றாள் மேரி. "நீ சொன்னப்ப நானும் அங்கதான் குந்தியிருந்தேன்."

"அப்ப ஏம்மே ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு வருசம் ஆக்கிட்டியே."

வைஜெயந்தி பேனாவை எடுத்தாள். "வர்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க. துணிய அவுத்துப் பார்க்கறது டாக்டர் வேலை. இத வெச்சு எதிர் வக்கீல் மடக்கப் பார்ப்பாரு, அதனால நாமளே முதல்ல சொல்லிடணும். எழுதலாமா?"

குழந்தைசாமி வாயைத் திறந்தான். இந்த முறை மேரி முந்திக்கொண்டாள்.

"எழுதுங்க மேடம். உப்புப் புண்ணுன்னு எம் புருசன் சொன்னாருன்னு எழுதுங்க. அந்த டாக்டரு குனிஞ்சுகூடப் பாக்கலன்னும் எழுதுங்க. ரெண்டும் நடந்துச்சு."