அத்தை உட்கார்ந்தால் எரியும் விளக்கு

எச்சரிக்கை விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார் எலக்ட்ரீஷியன் எதற்கு இருக்கிறேன்? அன்று மனைவியோடும் மாமியாரோடும் வந்த மாப்பிள்ளையும் அந்த ரகம்தான்.

"அக்கா, ஏர்பேக் லைட்டு. எங்க அத்தை முன்சீட்டுல உட்கார்ந்தா மட்டும் எரியுது. அவங்க இறங்கிட்டா அடுத்த ஸ்டார்ட்டுல அணைஞ்சிடுது."

பின்னாலிருந்து இறங்கிய அத்தை விடவில்லை. "காரே என்னைப் பார்த்து பயப்படுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரே, அதையும் சொல்லச் சொல்லுங்க."

டிக்கியில் அந்த அம்மாளின் பெட்டி இருந்தது. கோபித்துக்கொண்டு மகன் வீட்டுக்கே போகிறாராம். நடுவில் மாட்டிக்கொண்ட மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயர் கோளாறுதான்னு காட்டிடுங்க அக்கா. இல்லன்னா அம்மா இப்படியே பஸ் ஏறிடுவாங்க."

ஸ்கேனரைச் சொருகினேன். முன்சீட்டுக்கு அடியில் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்றது. மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், மஞ்சள் வயரின் கனெக்டரை முட்டிக்கொண்டு ஒரு சாக்லேட் டப்பா. கொஞ்சம் கனமான ஆள் உட்கார்ந்தால்தான் சீட்டு தாழ்ந்து டப்பாவை அமுக்கும், டப்பா கனெக்டரை நெட்டும். வெளியே எடுத்தேன். பாதி காலி.

"என்னுது" என்று முந்திக்கொண்டார் மாப்பிள்ளை.

"உங்களுதா? அம்மாவுக்கு சுகர் இருக்கு, யாருமே இனிப்பு வாங்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" மகள் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். விரல்களுக்குள் சாக்லேட் சுற்றிய தங்கநிறத் தாள் ஒன்று கசங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் அதைப் பார்த்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையில் ஜெயித்திருப்பார். சொல்லவில்லை. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. டேப்பைக்கூட மன்னித்துவிட்டேன்.

"போதும்டி" என்றார் அத்தை. "மாப்பிள்ளைய ஏன் திட்டுற? அது என்னுது."

அவ்வளவுதான், மகள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் கனெக்டரை இறுக்கி, வயரை ஓரமாகக் கட்டி முடிக்கும்வரை அர்ச்சனை ஓயவில்லை. அத்தை பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டிய நம்ம வீட்டுக்கே விடுங்க மாப்பிள்ளை. மகன் வீட்டுல என்னைத் திட்டவும் ஆளில்ல, எனக்காகத் திட்டு வாங்கவும் ஆளில்ல."