ராணி கதவைச் சாத்திய அத்தியாயம்

இத்தாக்காத் தீவில் மழைக்காலம் வந்துவிட்டால் சுற்றுலாக்காரர்கள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள், படகு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பெண்கள் நாவல் படிப்பார்கள். துறைமுகத்து நூலகத்தில் வியாழக்கிழமை தோறும் வாசகர் வட்டம். யார் முறையோ அவர் வீட்டிலிருந்து ரொவானி வரும். அரிசியும் தேனும் எண்ணெயும் சேர்த்துச் சுட்ட அந்தப் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டால்தான் நம் பெண்களுக்கு இலக்கியம் இறங்கும்.

நாலைந்து வருடமாக ஒரே வகை நாவல்தான். நம் பழைய கதைகளில் ஓரமாக நின்றுகொண்டிருந்த எவளாவது ஒருத்தியை லண்டனில் இருக்கும் ஒரு எழுத்தாளர் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுக்கூடத்தில் உட்காரவைத்து, "நீயே சொல்லம்மா" என்பார். அவளும் நானூறு பக்கத்துக்குச் சொல்வாள். அட்டையில் பாதி முகமும் பொன்னிற இலைகளும் இருக்கும். தன்னை உலகம் மறந்துவிட்டது என்று முதல் பக்கத்திலேயே மூக்கைச் சிந்துவாள். அவளுக்கு எல்லா மூலிகையும் தெரியும், ஒரு நாளும் பல் மட்டும் வலிக்காது. நம் கதையை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி, அதை ஏதென்ஸில் ஒருவர் கிரேக்கத்துக்குத் திருப்பி, படகேற்றி நமக்கே விற்பார்கள். நாமும் வரிசையில் நின்று வாங்குவோம். கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் அடைத்துக் கொடுத்தால் வாங்க மாட்டோமா என்ன?

இந்த முறை வந்தது சாதாரண நாவல் இல்லை. நம் தீவின் ராணியைப் பற்றியது. போருக்குப் போன ராஜா வருவான் வருவான் என்று தறியில் நெய்வதும் பிரிப்பதுமாக இருபது வருடம் காத்திருந்தாளே, அவள்தான். பழைய கதையில் அவன் வந்ததும் அவள் கட்டிப்பிடித்துக்கொள்வாள். நாவலில் அப்படி இல்லை. கதவைப் பாதி திறந்து பார்க்கிறாள். ஒரு ரொட்டியும் கம்பளியும் கொடுத்து, "இது இப்போது என் வீடு" என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். காப்பிக் கடையில் ஆண்கள் புத்தகத்தைத் தொடாமலே கொதித்தார்கள். வட்டத்துப் பெண்கள் அழுது தீர்த்தார்கள்.

"இதுதாங்க உண்மையான முடிவு," என்றாள் கலோமிரா டீச்சர். பள்ளியில் பழைய கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், வட்டத்துக்குத் தலைவி. "எத்தனை நூறு வருஷமா இந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காத்திருந்தோம்."

"எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு டீச்சர்," என்றாள் மருந்துக்கடை ஆஞ்செலினா.

ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்தில் அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. வாசிக்கப் போவது எவாந்தியா. கப்பல்காரன் பெண்டாட்டி வாசித்தால்தான் பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் புருஷன் பனாயிஸ் கப்பலில் தலைமை இன்ஜினியர். முப்பது வருடமாக வருடத்துக்கு இரண்டு மாதம்தான் ஊரில் இருப்பான். இப்போது ஓய்வு பெற்று, சனிக்கிழமைப் படகில் ஒரேயடியாக வருகிறான்.

"பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தம்," என்று ஆஞ்செலினா கையைத் தட்டினாள்.

எவாந்தியா ரொவானித் தட்டைக் கீழே வைத்தாள். இதைச் சொல்ல அவள் பல வாரமாக வாயைத் திறந்து திறந்து மூடியிருந்தாள். அன்றைக்கு நாவல் கொடுத்த தைரியம், வந்துவிட்டது.

"நானும் அதையேதான் செய்யப் போறேன். மீன் வலைக்கடைக்கு மேல அவனுக்கு ஒரு ரூம் எடுத்திருக்கேன். கட்டில் போட்டாச்சு. கம்பளி, அடுப்பு எல்லாம் இருக்கு. என் வீட்டுல அவன் வேண்டாம்."



"விளையாடறியா?" என்றாள் பாதிரியார் மனைவி ரினூலா.

"இல்ல."

"குடிக்கிறானா? அடிக்கிறானா? வேற எவளாவது..."

"ஒண்ணுமில்ல. நல்லவன்தான். வந்த மறுநாளே அலமாரியில ஆணி அடிப்பான். அலை வந்தா ஜாடி விழும்னு தட்டுக்கெல்லாம் விளிம்பு கட்டுவான். என் வீட்டுல எங்கடி அலை வருது? நான் எழுந்திரிக்கிறதுக்கு விசில், சாப்பிடறதுக்கு விசில். ரெண்டு மாசம்னு பல்லைக் கடிச்சேன். சாகிற வரைக்கும்னா எனக்கு மூச்சு முட்டுது."

"எல்லா ஆம்பளையும் அப்படித்தான். அதுக்காக?" என்றாள் ஆஞ்செலினா.

"அது எங்க அம்மா எனக்குச் சீதனமாக் கொடுத்த வீடு." தீவில் வீடு என்பது அம்மா மகளுக்குக் கொடுப்பது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுகிறவன்தான். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள், அத்தனை வீட்டிலும் புருஷன் நாற்காலிதான் காற்று வரும் ஜன்னலோரம் கிடக்கிறது.

கலோமிரா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எவாந்தியா, அது இலக்கியம். இது குடும்பம்."

"அழுதீங்களே டீச்சர்."

"ராணிக்காக அழுதேன். அவ புருஷன் ஊரெல்லாம் கொலை பண்ணிட்டு வந்தவன். பனாயிஸ் மாசா மாசம் பணம் அனுப்பினவன்பா."

"அவ இருபது வருஷம்தான் காத்திருந்தா. எனக்கு முப்பது."

ஊருக்கு உபதேசம் என்பது லேசான வேலை, பக்கத்து வீட்டுக்காரி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதவரை. அரை மணி நேரத்தில் வட்டம் ஒரு தீர்மானம் எடுத்தது. கடைசி அத்தியாயத்தை ஆஞ்செலினா வாசிப்பாள், எவாந்தியாவுக்கு 'மனசு சரியில்லை'. எவாந்தியா குடையை எடுத்துக்கொண்டு போனாள். இந்தப் பன்னிரண்டு பெண்களை விட்டால் அவளுக்குப் பேச இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

சனிக்கிழமை படகு வந்தபோது படகுத்துறையில் வாசகர் வட்டமே நின்றது. ஆளுக்கொரு தட்டு ரொவானி. பனாயிஸ் இரண்டு பெட்டியும் ஒரு கருவிப் பையுமாக இறங்கி, பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். அவள் சாவியை நீட்டினாள்.

"இது எந்தப் பூட்டுக்கு?"

அவள் சொன்னாள். எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள், மெதுவாகச் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று பயம்.

பனாயிஸுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. தப்பு செய்யறதுக்கு நீ வீட்டுல இருந்தாத்தானே?"

"இனிமே இருக்கப்போறேனே."

"அதுதான் பயமா இருக்கு."

"வெக்கங்கெட்டவ," என்றாள் ரினூலா, பாதிரியார் மனைவி என்பதை மறந்து. கலோமிரா டீச்சர் பெட்டியில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டாள். "வாங்க பனாயிஸ். நாங்க இருக்கோம். நாளைக்கு மண்டபத்துல நிகழ்ச்சி, முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி போடறோம்."

போட்டார்கள். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதனை முன்வரிசையில் உட்காரவைத்து, மடியில் பலகாரத் தட்டும் வைத்து, ராணி தன் புருஷனைக் கதவுக்கு வெளியே நிறுத்திய கதையை நாற்பது நிமிடம் வாசித்தார்கள். தாழ்ப்பாள் விழுந்த வரியை ஆஞ்செலினா இரண்டு முறை வாசித்தாள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. டீச்சர் கைக்குட்டையை எடுத்தாள். ஒருத்திக்காவது உறைக்க வேண்டுமே, ஊஹூம். கடைசி வரிசையில் எவாந்தியா உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் வெளியே வந்தபோது பனாயிஸ் பின்னாலேயே வந்தான். மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் வலைக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

"கதை நல்லாத்தான் இருந்தது," என்றான் அவன். "ஆனா அந்த மனுஷன் அதுக்கப்புறம் ராத்திரி எங்க போய்ப் படுத்தான்னு ஒருத்தரும் கேக்கலையே."

"ராணி அவனுக்கு ஒரு ரூம் பார்த்துக் குடுத்தாள்னு எழுதியிருந்தா புத்தகம் விக்காது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான், கோபமும் இருந்தது. "முப்பது வருஷம் இன்ஜின் ரூம்ல வெந்தேன் எவாந்தியா. வீடு வீடுன்னு நெனச்சுத்தான் வெந்தேன்."

"தெரியும். எனக்கும் அழுகையா வருது. ஆனா அது என் வீடு, பனாயிஸ்."

அவன் வலைக்கடை வாசலில் நின்று மாடியைப் பார்த்தான். "காப்பி குடிக்கவாவது வரலாமா?"

"வரலாம். தட்டிட்டு வா. கருவிப் பை வேண்டாம்."

மறுநாள் காலை தெருவே ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்க்க, அவன் வந்து அவள் கதவைத் தட்டினான். உள்ளே எவாந்தியா தன் காப்பியை அவசரமில்லாமல் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு போய்த் திறந்தாள்.