வெறும் லாக்

உதயகுமார் செய்த காரியத்தைக் கேட்டதும், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தாட்சாயிணி ஓடி வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தாள்.

"டிஸ்க்கு ரொம்பிப் போச்சும்மா. பேரு கடைசில லாக்னு இருந்ததையெல்லாம் தூக்கிட்டேன். குப்பதானே?" பல்லில் சிக்கிய மசால் வடையை நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னார், அம்பத்தூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேனேஜர்.

"சார், அதுல ரீடூ லாக்கும் போயிருக்கு!"

"அதுவும் லாக்தானே?"

பெயர்தான் ஒன்று, ஜாதகம் வேறு. மற்ற லாக் எல்லாம் மிஷின் தன்பாட்டுக்கு எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பு, வெறும் புலம்பல். எந்தப் பரிசோதனை முடிவை ஏற்றினாலும் டேட்டாபேஸ் முதலில் ரீடூ லாக்கில்தான் எழுதும். பிறகுதான் உரிய இடத்தில் சாவகாசமாகச் சேர்க்கும். நடுவில் படுத்துவிட்டால் அதைப் படித்துத்தான் எழும். காலையில் எடுத்த ரத்தத்தைச் சோதித்து, முடிவை ஏற்றி, மிச்சத்தைக் கொட்டியும் ஆகிவிட்டது.

ஆனாலும் ஒரு நூலிழை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், அழித்த கோப்பை இன்னும் பிடியில் வைத்திருந்தது. அது நிற்பதற்குள் புது லாக் சேர்த்து, எல்லாவற்றையும் உரிய இடத்தில் இறக்கிவிட்டால் பிழைக்கலாம்.

"மிஷின்ல கை வெச்சிடாதீங்க சார்!" தாட்சாயிணியின் விரல்கள் கீபோர்டில் பறந்தன.

வெளியே, காலையில் ரத்தம் கொடுத்திருந்த முத்தாபுதுப்பேட்டை வேம்புலியம்மாள் கவுண்டரைத் தட்டினாள். "இன்னா நைனா, ரிப்போட்டு வருமா வராதா? ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரில கேட்டுகினே கீறாங்க."

"தோ, ஒரே நிமிசம்!" உதயகுமார் எழுந்தார். "எங்க ஊட்ல டிவி மக்கர் பண்ணா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். இதுக்குப் போயி..."

"சார், வேணாம்!"

சர்வரின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

திரும்ப எழுந்த டேட்டாபேஸ், ரீடூ லாக்கைத் தேடி, கிடைக்காமல், திறக்க மறுத்து நின்றது. நேற்றைய பேக்கப் இருந்தது. இன்றைய காலை இல்லை.

உதயகுமாருக்கு முகம்கூட வாடவில்லை. கைக்குட்டையால் எண்ணெய் வாயைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். "உங்க ரத்தம் உறைஞ்சி போச்சும்மா. மறுபடி கொஞ்சம் குடுத்துடுங்க."

வேம்புலியம்மாள் தன் கையைப் பார்த்தாள். நரம்பு கிடைக்காமல் காலையில் குத்திக் குத்தித் தேடிய இடம் நீலமாய்க் கன்றிப் போயிருந்தது. "என் ரத்தத்துல கோளாறா சார்?"

தாட்சாயிணி அதற்குமேல் தாங்காமல் கவுண்டருக்கு வந்தாள். "உங்க ரத்தம் நல்லாத்தான்கா இருந்துச்சு. ரிசல்ட்ட அழிச்சது இவரு."

வேம்புலியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"த்தூ!"

பிறகு, வேறு வழியில்லாமல், இன்னொரு கையை நீட்டினாள்.