அப்பா: தெரிய வேண்டாம்

எங்கள் ஊர் வெப்சைட்டில் எது எப்படித் தெரிகிறதோ, ஊரிலும் அது அப்படித்தான் தெரியும். எது எப்படித் தெரிய வேண்டுமென்று எழுதும் பொது ஸ்டைல் ஷீட்டில் எழுதினால் ஊர் முழுக்கப் பொருந்தும். வீட்டுக்கு வீடு தனி ஷீட்டும் உண்டு. அது அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் வீட்டு ஷீட் சொல்வதுதான் செல்லும்.

பொது ஷீட்டுக்கு நான் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டியின் மூலைகளை வட்டமாக்கியது நான்தான். யாரும் பாராட்டவில்லை.

அன்று மதியம் அப்பா ஆபீசுக்கு வந்தார். நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்திருந்தார். கைலி கட்டியிருந்தார். நேராகப் பக்கத்து சீட் பெனிட்டாவிடம் போய், "பிடிப்பெல்லாம் போகக் கையில எவ்வளவும்மா வரும்?" என்றார். எனக்கு மானம் போயிற்று. எங்கள் வீட்டு ஷீட்டில் எழுதினேன்.

அப்பா: தெரிய வேண்டாம்.

ஆளோடு இடத்தையும் சேர்த்து எடுத்துவிடும் கட்டளை ஒன்று உண்டு. பெற்றவருக்கு அதை எழுத மனம் வரவில்லை. ஆள் இருப்பார், கண்ணுக்குத் தெரியமாட்டார், அவ்வளவுதான்.

அப்பா மறைந்தார். மேலாளர் நல்லபெருமாள் சாரும் மறைந்தார். அவரும் இரண்டு பெண்களுக்கு அப்பா.

இரண்டு ஷீட்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. வீட்டு ஷீட் என்று நினைத்து நான் பொது ஷீட்டில் எழுதித் தொலைத்திருந்தேன்.

"யாருப்பா எழுதினது?" என்று காலி நாற்காலி கேட்டது.

"பார்த்துச் சொல்றேன் சார்."

"பொது ஷீட்ல எழுதினதை அழிக்க முடியாது. வீடு வீடாப் போய் அவங்க ஷீட்ல தெரியட்டும்னு எழுதிட்டு வா."

ஆபீஸ் வராந்தா நீண்டுகொண்டே போய்த் தெருவானது. எனக்கு முன்னால் ஒரு செருப்புச் சத்தம் போனது. கதவுகளை அதுதான் தட்டியது.

"என் பையன்தாம்மா," என்றது அப்பாவின் குரல். "எவனோ பண்ணின தப்பை இவன் வந்து சரிபண்றான்."

"எவன் பண்ணினது?" என்று வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டார்கள்.

"சிஸ்டம் கோளாறு," என்றேன்.

எழுதியதும் பாதி சவரத்தோடு ஒரு அப்பா தெரிந்தார். இன்னொருவர் பீரோவைத் திறந்தபடி தெரிந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஒரு பெண் மட்டும் கதவைப் பாதிதான் திறந்தாள். "எங்களுக்கு வேண்டாம் தம்பி. ஆள் தெரியலன்னு கடையில அவருக்கு ஊத்த மாட்டேங்கிறாங்க. இப்படியே இருக்கட்டும்."

அடுத்த வீட்டில் அப்பா என்னைப் பற்றி இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மார்க்கைச் சொன்னார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிளந்தது. அப்பா என் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தார்.

கடைசியில் எங்கள் வீடு. ஷீட்டைத் திறந்தேன்.

"நமக்கு வேண்டாம்டா," என்றார் அப்பா. "இப்படியே உன் ஆபீசுக்கு வந்துட்டுப் போறேன். உனக்கும் சங்கடமில்ல."

எழுதியது நான்தான் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. பொதுவாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரிப்பா," என்றேன்.